‘போதிய பயன்பாடு இல்லை’ என்று எழுதிய அதிகாரிகளுக்கு

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

என் மனுவுக்கு நீங்கள் அனுப்பிய நான்கு வரிப் பதில் வந்து சேர்ந்தது. ‘மேற்படி சாலையில் அமைக்கப்பட்ட மிதிவண்டித் தடம், போதிய பயன்பாடு இல்லாத காரணத்தால் நீக்கப்பட்டு, அவ்விடம் வாகன நிறுத்தத்திற்கு ஒதுக்கப்பட்டுள்ளது.’ கீழே கையெழுத்து, முத்திரை. உங்கள் மனு முடித்து வைக்கப்பட்டது என்று அன்று மாலையே குறுஞ்செய்தியும் வந்துவிட்டது. உங்களுக்கு முடிந்துவிட்டது, எனக்கு முடியவில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

சாலையின் பெயரை இங்கே போடவில்லை. மனு எண் உங்களிடம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். பெயரைப் போட்டால் பேச்சு அந்த ஒன்றரைக் கிலோமீட்டரோடு நின்றுவிடும். இதே கதை நடக்காத பேட்டை சென்னையில் எங்கே இருக்கிறது?

நான் பதினாறு வருடமாக வில்லிவாக்கத்திலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குச் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன். கருவிகள் செய்யும் டூல்ரூமில் வேலை. போக ஏழு, வர ஏழு கிலோமீட்டர். உடம்பு இளைப்பதற்காகவும் ஓட்டவில்லை, உலகத்தைக் காப்பாற்றுவதற்காகவும் ஓட்டவில்லை. பெட்ரோல் போட்டால் சம்பளத்தில் விழும் ஓட்டை எவ்வளவு என்று கணக்குத் தெரியும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஹெல்மெட்டும் ஜெர்சியும் போட்டுக்கொண்டு ஈசிஆரில் பறக்கிறவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் சைக்கிள் என்று பேச்சு வந்தால் உங்கள் கூட்டங்களில் அவர்கள் முகம் மட்டுமே தெரிகிறதோ என்று ஒரு சந்தேகம்.

தடம் போட்ட கதையை முதலில் நினைவுபடுத்துகிறேன். மூன்று வருடத்துக்கு முன் சாலையின் இடது ஓரத்தில் பச்சைப் பெயின்ட் அடித்து, நடுவில் வெள்ளையில் சைக்கிள் படம் வரைந்தீர்கள். திறப்பு விழாவில் வந்தவர்கள் ஆளுக்கொரு சைக்கிளில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை, அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். முதல் வாரம் பெல் அடிக்காமல், திரும்பித் திரும்பிப் பார்க்காமல், நேராக ஓட்டிக்கொண்டு போனேன். இரண்டாவது வாரம் ஒரு பிரியாணிக் கடைக்கு முன்னால் நாலு கார் நின்றது. மூன்றாவது வாரம் ஒரு ஷோரூம்காரர் விற்பனை வண்டிகளை வரிசையாக நிறுத்தினார். அப்புறம் தள்ளுவண்டி, ஜல்லிக் குவியல், பிளெக்ஸ் போர்டின் சவுக்குக் கம்பு. ஒரு மாதத்தில் பச்சை தெரிந்த இடம் கொஞ்சம்தான். புகைப்படத்தோடு மூன்று மனு போட்டேன். அபராதம் போட்டு நான் பார்த்ததில்லை, ஒரு தடுப்புக் கம்பம் நட்டும் பார்த்ததில்லை. கடைசியில் சாலையைப் புதுப்பித்தபோது பச்சை மேல் கறுப்பு வந்தது. அதற்கு மேல் கார் நிறுத்தக் கோடு வந்தது. காரணம், போதிய பயன்பாடு இல்லையாம்.

கிணற்றை மூடிவிட்டு, தண்ணீர் எடுக்க யாரும் வரவில்லை என்று ரிஜிஸ்டரில் எழுதலாமா?

அந்தத் தடத்தின் ஓரத்தில்தான் போன ஐப்பசியில் நான் விழுந்தேன். எப்படி விழுந்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் விழுந்ததில் உங்கள் பங்கு, என் பங்கு, மழையின் பங்கு மூன்றும் இருக்கிறது. இரவு ஷிப்ட் முடிந்து காலை ஆறேகால் மணி. தூறல். தடத்தில் வெள்ளை நிறக் கார் ஒன்று நிற்கிறது. அதைச் சுற்றிப் போக வலப்பக்கம் வந்தால், பின்னால் பேருந்து. ஏர் ஹாரன் காதுக்குள் விழுந்ததும் மிரண்டு, காரைத் தாண்டிய உடனே இடப்பக்கம் சட்டென்று ஒதுங்கினேன். மிரண்டது என் தப்பு, நிதானமாக ஓரம் கட்டியிருக்க வேண்டும். ஒதுங்கிய இடத்தில் மழைநீர் வடிகாலின் இரும்புச் சட்டம். அதன் கம்பிகள் சாலையின் நீளவாக்கில் ஓடுகின்றன. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே இரண்டு இஞ்ச் இடைவெளி. என் டயர் ஒன்றரை இஞ்ச். மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை. முன்சக்கரம் உள்ளே இறங்கி நின்றது, நான் நிற்கவில்லை. தாடையில் ஐந்து தையல், இடது மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு. ரிம் பெண்டு எடுக்கக்கூட லாயக்கில்லாமல் போய்விட்டது. சைக்கிள் கடை பாய் அதைக் கையில் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மூலையில் போட்டார்.

மாவுக்கட்டோடு ஒரு நாள் அங்கே போய்க் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து அந்தச் சட்டத்தை அளந்தேன். தொழில் புத்தி. கம்பிகளைக் குறுக்குவாக்கில் வைத்திருந்தால் தண்ணீரும் இறங்கியிருக்கும், சக்கரமும் தாண்டியிருக்கும். சில சட்டங்களை அப்படியே தூக்கித் திருப்பி வைத்தாலே போதும். திருப்ப முடியாதவற்றில் குறுக்கே மூன்று பட்டை வைத்து வெல்டிங் அடித்தால் ஒரு வெல்டருக்கு அரைமணி நேர வேலை. இதையும் மனுவில் படம் வரைந்து எழுதியிருந்தேன். உங்கள் நான்கு வரியில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

பதில் வந்த மறுநாள் விடுப்புப் போட்டேன். மகனுடைய கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, காலை ஐந்தேமுக்காலிலிருந்து எட்டு மணி வரை அந்தச் சாலையின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினேன். ஒரு சைக்கிளுக்கு ஒரு கோடு. முதலில் பேப்பர் போடும் பையன்கள். அப்புறம் பால் பாக்கெட் கூடை. இரவுப் பணி முடிந்து திரும்பும் வாட்ச்மேன்கள், பாதிப் பேர் தலையில் மப்ளர். ஆறரைக்கு மேல் ஷிப்டுக்குப் போகிறவர்கள், கேரியரில் டிபன் பாக்ஸ். கரணையும் மட்டக்கோலும் சாக்கில் சுற்றிக் கட்டிய கொத்தனார்கள். டீ கேன் மாட்டிய ஒருவர் மட்டும் நாலு தடவை போய் வந்தார், அவரை ஒரே கோடாகத்தான் போட்டேன். ஏழரைக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள். முதல் பக்கம் நிறைந்து இரண்டாவது பக்கம் திருப்பினேன். டீக்கடைக்காரர், “என்ன சார், கணக்கெடுப்பா?” என்றார். “ஆமாம், இல்லாதவங்களை எண்ணிக்கிட்டிருக்கேன்” என்றேன்.

உங்கள் ஆட்கள் எத்தனை மணிக்கு எண்ணினார்கள்? பதினோரு மணிக்கு மேல் ஜீப்பில் வந்திருந்தால் சைக்கிள்கள் எல்லாம் கம்பெனி ஷெட்டிலும், கட்டட வாசலிலும், பள்ளிக்கூட மரத்தடியிலும் நின்றிருக்கும். சாலையில் எப்படித் தெரியும்?

அந்தக் கோடுகளில் ஒன்று, மூன்று அடுக்குமாடி வீடுகளில் வேலை பார்க்கும் ஓர் அக்கா. புதுக்கோட்டைப் பக்கம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின்போது அந்த மாவட்டத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள் அல்லவா, அதில் ஒருவர். அப்போது அவருக்குப் பதினாறு வயது. தடத்தை எடுத்துவிட்டார்கள் என்று நான் சொன்னதும் காலை ஊன்றி நின்று சிரித்தார். “அப்போ கலெக்டரே ஓட்டுங்கன்னாங்க தம்பி. இப்போ ஓட்டாதேங்கறாங்களா?”

பள்ளிப் பிள்ளைகள் விஷயம் இன்னும் விசித்திரம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி கொடுப்பது நம் அரசு. நாட்டில் பல மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய திட்டம், பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அரசு கொடுத்த சைக்கிளில் ஏறி, அரசு போட்ட சாலையில் ஒரு பெண்பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டுமென்றால், தண்ணி லாரிக்கும் நிறுத்தியிருக்கும் காருக்கும் நடுவே இருக்கிற இரண்டு முழத்தில் போக வேண்டும். பல வீடுகளில் அந்தச் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் நிற்பது இதனால்தான். என் மகனுடையதும் அப்படி நிற்கிறது. அவனுக்குப் பயம் இல்லை, அவன் அம்மாவுக்கு.

சட்டமும் கொள்கையும் இல்லாததால் வந்த குறை என்று சொல்லிவிடாதீர்கள். வாகனங்களைவிட மனிதர்கள் நகர்வதே முக்கியம் என்று தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006-லேயே சொல்லிவிட்டது. 2014-ல் மோட்டாரில்லாப் போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கை ஏற்றுக்கொண்ட நகரம் சென்னை, இந்தியாவிலேயே முன்னோடி என்று பேசப்பட்டது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று அதில் இருக்கிறது. 2018-க்குள் இவர்களில் ஒருவர்கூடச் சாலையில் சாகக்கூடாது என்பது அதன் இலக்கு. 2018 போய் எத்தனை வருடம் ஆகிறது? 2022-ல் நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுக்க அந்த ஒரு வருடத்தில் செத்த சைக்கிள்காரர்கள் மட்டும் நான்காயிரத்துக்கும் மேல். சைக்கிள் பாதையை எப்படி அமைக்க வேண்டும் என்பதற்கு, சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் தனி வழிகாட்டிப் புத்தகமே இருக்கிறது, 2015-ல் திருத்தியும் வெளியிட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 198ஏ பிரிவையும் நீங்கள் அறிவீர்கள். சாலையின் வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாததால் ஒருவருக்கு உயிரோ உறுப்போ போனால், அதற்குப் பொறுப்பான அரசு அமைப்போ ஒப்பந்தக்காரரோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் கட்ட வேண்டும். மிரட்டுவதற்காக எடுத்துச் சொல்லவில்லை. எனக்குப் போனது ஐந்து தையல்தான்.

எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் சொல்வீர்கள். ராங் சைடில் வருகிறோம். சிக்னலில் சிவப்பு விழுந்தாலும் நைசாக நழுவுகிறோம். பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமல் கறுப்புச் சட்டையில் இரவில் போகிறோம். பையன்கள் காதில் ஹெட்போன். என் தொழிற்சாலை வாசலிலிருந்து வீட்டுப்பக்கம் திரும்ப, நடுத்திட்டில் இருந்த இடைவெளியை மூடிய பிறகு முக்கால் கிலோமீட்டர் போய் யூ-டர்ன் அடிக்க வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு நானும் நூறு அடி எதிர்த்திசையில் ஓட்டிக்கொண்டிருந்தவன்தான். ஒரு நாள் சாயங்காலம் ஸ்கூட்டியில் குழந்தையோடு வந்த பெண் என்னைப் பார்த்துப் பதறிப் பிரேக் போட்டார். யாருக்கும் அடி இல்லை. ஆனால் குழந்தையின் டிபன் பாக்ஸ் விழுந்து திறந்து, மதியம் சாப்பிடாமல் மிச்சம் வைத்த தயிர்சாதம் ரோட்டில் சிதறியது. அந்தப் பெண் திட்டக்கூட இல்லை, குழந்தைதான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அந்த நூறு அடி தள்ளிக்கொண்டு நடக்கிறேன். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு மாட்டியிருக்கிறேன். திரும்பும் முன் தலையைத் திருப்பிப் பார்த்துக் கையை நீட்டுகிறேன். எங்கள் ஷெட்டில் நிற்கும் மற்ற சைக்கிள்களுக்கும் பின்னால் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது. எங்கள் ஒழுங்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் முக்கால் கிலோமீட்டர் என்பது காருக்கு ஒரு நிமிடம், எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த காலுக்கு அப்படி இல்லை. நடுத்திட்டை மூடியபோது அந்தக் காலை யாராவது கணக்கில் எடுத்தீர்களா?

மேம்பாலம் இன்னொரு கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். ஏறும் இடத்தில் ‘மிதிவண்டி செல்லத் தடை’ என்று பலகை. சரி, கீழே போகலாம். கீழே மெட்ரோவுக்காகத் தகரம் அடைத்து, மிச்சமிருக்கும் இடுக்கில் எல்லா வண்டியும். மேலேயும் கூடாது, கீழேயும் முடியாது என்றால் பறந்துதான் போக வேண்டும்.

“ரோடு டாக்ஸா கட்றே? ஓரமா போ” என்று கார்க்காரர்கள் கத்துவது உண்டு. நான் சொத்துவரி கட்டுகிறேன், வாங்கும் பொருள்களுக்கு ஜிஎஸ்டி கட்டுகிறேன். என் அப்பா காலத்தில் சைக்கிளுக்கே உள்ளாட்சியில் பணம் கட்டித் தகர வில்லை வாங்கி மாட்டினார்கள், அந்த வில்லை இன்னும் எங்கள் வீட்டு டப்பாவில் கிடக்கிறது. கத்துகிறவர்களைவிட எனக்கு அதிக வருத்தம், அதே வாக்கியத்தை வேறு சொற்களில் எழுதிக் கொடுத்த உங்கள் பதிலில்தான். பல பத்தாண்டுகள் சைக்கிள் தயாரித்த ஊர் அம்பத்தூர். அந்த ஊருக்குப் போகிற சாலையில் சைக்கிளுக்குப் பயன்பாடு இல்லை என்கிறீர்கள்.

எல்லோரும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். காலையில் என்னோடு ஒரே நேரத்தில் வரும் பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். பேர் தெரியாது, நரைத்த மீசை. நிறுத்தம் நெருங்கும்போது மற்றவர்கள் என்னை முந்திப்போய் உடனே இடப்பக்கம் ஒடித்து என்னை நடைபாதையில் தள்ளுவார்கள். இவர் எனக்குப் பின்னால் வேகத்தைக் குறைத்து, நான் நிறுத்தத்தைக் கடந்த பிறகு ஒதுக்குவார். அவருக்கு ஆகிற நேரம் ஐந்தாறு விநாடி. ஹாரன் அடிக்க மாட்டார். நான் கையைத் தூக்குவேன், அவர் லேசாகத் தலையை ஆட்டுவார். 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில், நடப்பவர்கள், சைக்கிள்காரர்கள், குழந்தைகள், முதியவர்கள் ஆகியோரிடம் ஓட்டுநர் தனிக் கவனம் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. அவர் அதைப் படித்தாரோ இல்லையோ, தினமும் செய்கிறார்.

இனி நான் கேட்பது.

முதலில் அந்த இரும்புச் சட்டங்கள். ஒன்றரைக் கிலோமீட்டரில் இடது ஓரத்தில் மட்டும் எத்தனை, எது எது நீளவாக்கில் இருக்கிறது என்று எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அடுத்த மழைக்கு முன் திருப்பி வையுங்கள், முடியாதவற்றில் பட்டை அடியுங்கள். இதற்கு டெண்டர் தேவைப்படும் என்று நான் நம்பவில்லை.

இரண்டாவது, தடத்தைத் திரும்பக் கொடுங்கள். இந்த முறை பெயின்ட்டாக வேண்டாம். காருக்கும் எங்களுக்கும் நடுவே ஏறி வர முடியாத ஒரு கரையோ, நெருக்கமாக நட்ட கம்பங்களோ வேண்டும். அதில் நிறுத்தும் வண்டிக்குத் தினமும் அபராதம் வேண்டும், விழாவுக்கு முந்தின நாள் மட்டும் அல்ல. கார் நிறுத்த இடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாலையின் வலப்பக்கம் அதே அகலம் இருக்கிறது, அங்கே கோடு போடுங்கள்.

பள்ளிக்கூடம் இருக்கும் அந்த நானூறு மீட்டருக்கு வேகத்தை 30 கிலோமீட்டராகக் குறையுங்கள். பலகை மட்டும் வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள், வேகத்தடையும் வேண்டும். தடைக்கு வெள்ளை அடித்து இரவில் தெரியும்படி வையுங்கள். தெரியாத தடையில் முதலில் விழுவதும் நாங்கள்தான்.

மேம்பாலத்துப் பலகை இருக்கட்டும், ஆனால் கீழே தகரத்தை ஒட்டி ஒரு சைக்கிளும் ஓர் ஆளும் போகும் அகலத்துக்கு வழி விட்டுத்தான் தோண்ட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தொழிற்பேட்டை வாசலில் நடுத்திட்டில் சைக்கிள் தள்ளிக்கொண்டு கடக்க ஓர் இடைவெளியும், அதற்கு ஒரு சிக்னலும் கேட்கிறேன்.

பேருந்து, லாரி ஓட்டுநர்களுக்குப் பயிற்சி நடத்துகிறவர்களிடம் பேசி, நரைத்த மீசைக்காரர் செய்யும் அந்த ஐந்தாறு விநாடி வேலையைப் பாடத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. ‘போதிய பயன்பாடு இல்லை’ என்று முடிவெடுக்க எண்ணியிருப்பீர்கள் அல்லவா? எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்த இடத்தில் நின்று எண்ணினார்கள், எவ்வளவு இருந்தால் போதியது என்று வைத்திருந்தீர்கள் என்பதை எனக்கு எழுத்தில் தர வேண்டும். முப்பது நாளில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பேன். என் நோட்டின் இரண்டு பக்கங்களையும் ஜெராக்ஸ் எடுத்து இணைத்திருக்கிறேன். டீ கேன்காரருக்கு ஒரே கோடுதான்.

இப்படிக்கு,
வில்லிவாக்கத்திலிருந்து தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒருவன்